குளியலறைக் கதவில் ஒரு மூன்று கால் மயில்

செவிலிமேடு, காஞ்சிபுரம்

அன்பு மகள் காவேரிக்கு,

காமாட்சி புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஹாம்பர்க்கில் குளிர் குறைந்ததா, உன் இருமல் நின்றதா என்றுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு நினைப்பு. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவேன் என்று இதைக் காகிதத்தில் எழுதி, சாம்பார்ப் பொடி பார்சலோடு அனுப்புகிறேன். போன மாதம் ஜன்னலுக்கு அடித்த பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாகப் போகிறதே என்று பின்பக்கத்துக் குளியலறைக் கதவில் ஒரு மயில் வரைந்தேன். எனக்கு வரைய வராது என்பது உனக்கே தெரியுமே, கழுத்து கோழி மாதிரியும் தோகை துடைப்பம் மாதிரியும் வந்தது. ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை, அடுத்து என்ன வருகிறது பார்ப்போம் என்று பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். அப்பா வேலை முடிந்து வந்து பார்த்தார். பட்டுச்சேலைக்குக் கட்டத் தாளில் டிசைன் போடுகிறவராயிற்றே, ஒரு கட்டம் பிசகினால் சேலை முழுக்கப் பிசகும் என்று இத்தனை வருஷமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே உட்கார்ந்த மனுஷன். இன்னாம்மா இது என்றார். மயிலுங்க என்றேன். அதோடு கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது, லீவு நாளில் அழித்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் போய்த் திரும்பி வந்தால், என் மயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மயில். அதற்கு மூன்று கால்! அப்பா கையெல்லாம் பச்சை. கண்ணை மூடிக்கினே சேலையில அன்னப்பட்சி போடறவரு நீங்க, இது இன்னாங்க மூணு காலு என்று கேட்டேன். மூணு காலு இருந்தா எப்படி நடக்கும்னு பாக்கத் தோணுச்சு என்கிறார். எப்படித்தான் நடக்கும்? எனக்கும் அன்றைக்கெல்லாம் அதே யோசனை. அப்புறம் நான் ஒரு மீன் போட்டேன், அவர் அதற்கு ஒரு குடை பிடித்துவிட்டார், இப்படியே கதவு நிறைந்துபோயிற்று.

நேற்று வீட்டு ஓனர் உமாபதி சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்துவிட்டார். சுவரில் ஆணி அடித்தாலே காலி பண்ணச் சொல்கிறவர். யாரு இதெல்லாம் கிறுக்கனது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்து, நானும் இவளும்தான் என்றார். உமாபதி நம்பவில்லை, அவர் பெண்ணின் முகூர்த்தச் சேலைக்கே டிசைன் போட்டவர் அப்பாதானே. வீரபாகு, நீயா வரைஞ்ச, கைக்கு இன்னாபா ஆச்சு என்று நிஜமாகவே பதறிப்போனார். கை நல்லாத்தான் இருக்குது, சும்மா வரைஞ்சேன் என்று அப்பா சிரித்தார். காவேரி, அந்தச் 'சும்மா'வை இவர் வாயிலிருந்து நான் இதுவரை கேட்டதே இல்லை. காலி பண்ணும்போது பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடணும் என்று உமாபதி கறாராகச் சொன்னார். சொல்லிவிட்டு, போகவும் இல்லை. கதவருகே குனிந்து, ஆமா, நடக்கறப்போ இது எந்தக் காலை மொதல்ல வைக்கும் என்று கேட்டார். மூன்று பேரும் வெயிலில் நின்று அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

உன் அறைத் தோழி நன்றாக வரைகிறாள் என்று கூச்சப்பட்டு, வாங்கின கலர் பெட்டியை நீ பிரிக்காமலே வைத்திருக்கிறாயாமே, உன் தம்பி சொன்னான். பிரித்தால் எந்தக் கலரை முதலில் தொடுவாய்? எனக்குத் தெரிந்துகொள்ளவேண்டும் போல இருக்கிறது, அதை மட்டும் எழுது.

பாஸ்போர்ட் தேதி முடியப்போகிறது, மறந்துவிடாதே. அம்மன் உன்னைக் கண்போல் காப்பாள்.

என்றும் உன் நினைப்பாக,
அம்மா அம்சா