அச்சில் ஏறாத பெயர்

அக்கா,

இன்று காலை புத்தகக் கட்டு வந்தது. சிவகாசியில்தான் அச்சடித்தார்கள். பிரித்ததும் மை வாசனை குப்பென்று அடித்தது. நேராக உங்கள் அத்தியாயத்தைத் திறந்தேன். அதில் வேறு யாரோ ஒருத்தியின் பெயர் இருக்கிறது. மூடி வைத்துவிட்டேன்.

பட்டாசுத் தீயில் வெந்து பிழைத்தவர்கள் அதன்பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதத்தான் சிவகாசி பக்கம் உங்கள் ஊரான விஸ்வநத்தத்துக்கு வந்தேன். பெயர்களை மாற்றித்தான் எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழக நெறிக்குழுவின் விதி. முதல் நாளே அதைச் சொன்னேன். கழுத்தில் களிம்பு தடவிக்கொண்டிருந்த நீங்கள் நிமிர்ந்து முறைத்தீர்கள்.

"ஏத்தா, பேர மாத்திக்கிட நான் என்ன களவாண்டுட்டா ஒளியுறேன்? ஊர்ல எல்லாரும் 'வெந்தவ'ன்னுதான் கூப்பிடுறாக. புஸ்தகத்துலயாவது எம் பேரு இருக்கட்டும்."

உங்களுக்காகக் குழுவிடம் மல்லுக்கட்டினேன். "அந்த அம்மா வெந்த அதே பட்டாசுக் கம்பெனிக்குத்தானே அவர் மகளும் வேலைக்குப் போகிறாள்? அவள் பிழைப்பு என்னாகும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். எழுதி முடித்ததை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எல்லாம் கேட்ட பிறகும் நீங்கள் சம்மதித்தால் பெயரைப் போடலாம்.

ஃபோனில் சொன்னதும் எப்படிச் சிரித்தீர்கள்! "வெரசா எழுதுத்தா. நீ வாசிக்கையில தெருக்காரிக அம்புட்டுப் பேரையும் கூட்டியாந்து உக்கார வைக்கிறேன்."

எழுதி முடித்துக் கிளம்ப இருந்த வாரம்தான் உங்கள் மகள் கூப்பிட்டாள். ஆறாத புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டீர்களாம். பாவி மனுஷி, இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

காரியமெல்லாம் முடிந்தபின், உங்கள் பெயரைப் போடலாமா என்று மகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. நான் இன்னும் அங்கனதான போறேன். அம்மா இருந்தா எதுன்னாலும் பேசிக்கிடும். எனக்கு யாரு இருக்கா?" அன்றைக்கே பெயரை மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த மடலில்கூட உங்கள் பெயரை எழுத முடியவில்லை. நீங்கள் இருந்தவரை நானும் அக்கா என்றுதானே கூப்பிட்டேன். இன்று கதவைச் சாத்திக்கொண்டு, முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அழுகை அடங்கவே இல்லை. இனி அந்தப் பெயரை நான்தான் வைத்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது.