ஒரு தட்டு

14 ஜூன் 2024, வெள்ளி

வலது காது அடைத்து நாலு நாள். பேத்தி எலைன் டாக்டரிடம் போகலாம் என்கிறாள். எனக்கு இருப்பது இந்த ஒரு காதுதான். இடது காது 1983-இல், ஈஸ்டருக்கு மறுநாள், நாத்தனார் ஃப்ளோரா அறைந்ததில் போனது. அவள் சாவுக்கும் நான் போகவில்லை.

17 ஜூன், திங்கள்

காதுக் குறும்பி கல்லாகிவிட்டதாம். டாக்டர் இளவயது, கன்னடக்காரர். “அஜ்ஜி, மெஷின் உறிஞ்சும்போது பேசாதீங்க, தலை ஆடும். ஓகேன்னா ஒரு தட்டு. நிறுத்தணும்னா ரெண்டு தட்டு.” சரி என்றேன்.

குழாய் உள்ளே போனது. முதலில் விசில் மாதிரி. அப்புறம் — இன்னான்னு எழுதறது? மண்டைக்குள்ள டிரில் ஓட்றான். நாற்காலிக் கையில் தட்டினேன், ஒன்று. குழாய் இன்னும் உள்ளே போனது. ஓங்கி ஒன்று. மறுபடி ஒன்று. அவர் நிறுத்தவே இல்லை.

என் அப்பா மரியகுழந்தை சுரங்கத்தில் ஆள் ஏற்றி இறக்கும் கூண்டுக்கு, அதான் கேஜுக்கு, பெல் அடித்தவர். ஒரு பெல் அடித்தால் ஓடுகிற கேஜ் நிற்கும். ரெண்டு அடித்தால் கீழே இறங்கும். சின்ன வயதிலிருந்து என் கைக்குத் தெரிந்தது அதுதான். ரெண்டு தட்டினா இன்னும் கீழ எறக்கிடுவாங்களேன்னு பயந்துட்டேன்.

18 ஜூன்

கொய்யென்று ஒரே சத்தம். அதற்குப் பின்னால் எலைன் வாய் மட்டும் அசைகிறது.

20 ஜூன், வியாழன்

எலைன் கிளினிக்கில் போய்ச் சண்டை போட்டாள். திரும்பி வந்து என் காதோரம் கத்தினாள்: “மூணு வாட்டி ஓகே சொன்னாங்கன்றாரு ஆயா! இன்னாத்துக்கு ஒண்ணு தட்டின நீ?”

யாரை நான் திட்டுவது?

2 ஜூலை, செவ்வாய்

பெங்களூரில் ஹெட்போன் மாட்டிச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். ரெண்டு தடவை தூக்கினேன். ரெண்டும் என் காதுக்குள் ஓடுகிற சத்தம்தானாம். நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பாது என்று எலைன் எழுதிக் காட்டினாள்.

9 ஜூலை

அந்த டாக்டர் வீட்டுக்கே வந்தார். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்திருந்தால் அவர் வாய் சொல்வது புரிந்துவிடும். அப்புறம் மன்னிக்க வேண்டியிருக்கும்.

21 ஜூலை, ஞாயிறு

இந்தப் பக்கத்தின் மேலே இருப்பது எலைன் கையெழுத்து. ‘கத்திக் கத்தித் தொண்டை போச்சு ஆயா. இனிமே இதுலயே எழுதறேன். தோசையா, சோறா?’

சோறு என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய்க்கு வெளியே வந்ததோ இல்லையோ, எனக்கு எப்படித் தெரியும்?

பேனாவை வாங்கி எழுதினேன்: சோறு.