கத்திக்குக் கட்டிய துணி

அன்புள்ள அம்மாவுக்கு அனுசியா வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

புனேயில் எங்கள் கத்திக் கம்பெனியில், பயிற்சிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கத்தியைக் கையாலேயே தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிக் காட்ட வேண்டும். அதில் முகம் தெரிந்தால்தான் வேலை நிரந்தரம். நைசான உப்புத்தாள் வரை தேய்த்துவிட்டேன். ஆனால் கடைசியில் துடைக்கக் கொடுத்த முரட்டுத் துணி கோடு கோடாக இழுத்தது. அந்தக் கோடுகளைப் போக்கும் அவசரத்தில் கட்டைவிரலில் லேசாகக் கீறிவிட்டது. பயப்படாதே, ஆறிவிட்டது.

முதலுதவிப் பெட்டியிலிருந்த பேண்டேஜ் துணியின் உறையில் ராஜபாளையம் என்று போட்டிருந்தது. நீ வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனிதான். நீ மடித்ததாகக்கூட இருக்கலாம். விரலில் கொஞ்சம் சுற்றிக்கொண்டு, மிச்சத் துணியில் பாலிஷைத் தொட்டுக் கத்தியைத் துடைத்தேன்.

"ஏட்டி, காயத்துக்குக் கட்டச் சொன்னா கத்திக்கா கட்டுதே?" என்று என்னோடு வேலை பார்க்கும் கூமாப்பட்டி பாண்டிசெல்வி அக்கா சிரித்தார்.

சூப்பர்வைசர் கத்தியைத் தூக்கிப் பார்த்து, அதிலேயே மீசையைச் சரிசெய்துகொண்டார். வேலை நிரந்தரமாகிவிட்டது, அம்மா. இனி ஊருக்கு வருவது லீவில்தான்.

உங்கள் கம்பெனியில் கழித்துப்போடும் துணி இருந்தால் ஒரு துண்டு அனுப்பு. காயத்துக்கும் இல்லை, கத்திக்கும் இல்லை. சும்மா என்னிடம் இருக்கட்டும்.

கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

அனுசியா