இரண்டு மூக்காயி, ஒரே விலாசம்

2025 மார்ச் 4

தேயிலைத் தோட்ட ஆபீஸில் சேர்ந்து எட்டு மாதம். படித்த கணினி டிப்ளோமா இன்றுதான் முதல் தடவையாக எதற்காவது உதவியது. புது வீடு கேட்டவர்களின் பெயர்களை ஆபீஸும் இரண்டு யூனியன்களும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தன. மூன்றையும் சேர்த்தால் 212 பெயர். வீடு நாற்பது. சேவைக்காலம் கூடியவர்களுக்கே முதலிடம்.

வீட்டுத் திட்ட அதிகாரி கஜீவன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு ஆளும் ரெண்டு தரம் வரக்கூடாது பிள்ளை என்றார். கம்ப்யூட்டருக்கு ஒரே வரிக் கட்டளையில் முடித்தேன்: பெயரும் விலாசமும் ஒன்றாக இருந்தால் முதலில் வந்ததை வை, பிறகு வந்ததைத் தூக்கு. 212 இருந்த பட்டியல் 131 ஆனது. சேர் அசந்துபோனார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

மார்ச் 5

அம்மா நாற்பதாவது! கடைசி வீடு எங்களுக்கு. அம்மா அதற்குள் நிவித்திகல டவுனுக்குப் போய் ஜன்னல் துணி பார்த்துவிட்டு வந்தார்.

மார்ச் 7

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசியான கோடிக் காம்பராவில் இருக்கும் மூக்காயி அக்கா வந்தார். "என் பேரு இல்லையாமே தர்மிளா? முப்பத்தி நாலு வருஷம் கொழுந்து எடுத்தேனே."

அம்மாவை விட மூன்று வருடம் கூட. பழைய மூன்று பட்டியல்களிலும் தேடிப் பார்த்தேன். அம்மாவும் மூக்காயிதான். விலாசம்? லயத்தில் வீட்டு இலக்கம் ஏது? எல்லாருக்கும் 'கீழ்ப் பிரிவு' ஒன்றுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? முதலில் இருந்த அம்மா தங்கிவிட்டார், அக்காவைத் தூக்கிவிட்டேன்.

அவரைத் திரும்பச் சேர்த்தால் அம்மா நாற்பத்தொன்று.

மார்ச் 8

ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமலிருக்க இவ்வளவு களைப்பா?

மார்ச் 9

அம்மாவிடம் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டார்: "நான் என்ன களவா எடுத்தேன்? மெஷினு குடுத்திச்சு."

மெஷினா? எந்த மெஷினு? நான்தானம்மா எழுதுனேன், நான்தான்! கத்திவிட்டேன். அம்மா அழுதார். நானும்.

மார்ச் 10

இந்த முறை அடையாள அட்டை எண்ணை வைத்து ஓட்டினேன். யூனியன்காரர்கள் எழுதாமல் விட்ட எண்களை ரெஜிஸ்டரில் தேடித் தட்டவே பகல் முழுக்கப் போயிற்று. 134. அக்காவோடு இன்னும் இரண்டு பேர் உயிர்த்தார்கள். அந்த இருவரும் வேலைக்குப் புதியவர்கள், நாற்பதுக்குக் கிட்டவும் இல்லை. அக்கா இருபத்தொன்பது. அம்மா நாற்பத்தொன்று.

ஏன் மாறியது என்று சேர் கேட்டார். கம்ப்யூட்டரில் சின்னப் பிழை என்றேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லையே. கம்ப்யூட்டர் தன் பிழையைத் தானே கண்டுபிடித்ததாக அவர் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார்.

2026 ஜனவரி 18

மூக்காயி அக்கா புது வீட்டில் பால் காய்ச்சினார். பத்து மாதமாக அந்தப் பட்டியலைப் பற்றி வாயே திறக்காத அம்மாவும் வந்திருந்தார்.

ஆள் பார்த்துச் செய்கிறவர்களுக்கு நடுவில் கம்ப்யூட்டர் ஒன்றுதான் நேர்மையானது என்று அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் பாலைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆமா. அதுக்கு அம்மா இல்லைல."