பதினேழாம் எண் யார் பெற்ற பிள்ளை

மார்ச் 4
ஆற்றிலிருந்து எங்கள் பிணவறைக்கு எடுத்து வந்த ஆண் உடல். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டைப்பையில் ஒன்றுமில்லை. விரல் தோல் ஊறிப்போய், மூன்று முறை எடுத்தும் ரேகை சரியாக விழவில்லை. முகத்தை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. இடது காறை எலும்பு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருக்கிறது. பதிவேட்டில் ‘பதினேழு’ என்று எழுதினேன்.

மார்ச் 7
மகனைக் காணாமல் மூன்று வருடமாகத் தேடும் ஒரு அம்மா வந்தார். சட்டையைப் பார்த்ததுமே, “எம் புள்ளதான்” என்றார். அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

எலும்பைப் பற்றிக் கேட்டேன்.

“அவன் எங்கயும் விழுந்ததில்லயே.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “விழுந்திருப்பான். எங்கிட்ட சொல்லியிருக்க மாட்டான்.”

இன்ஸ்பெக்டர் தனியாகக் கூப்பிட்டார். “பெத்தவங்களே சொல்றாங்க. கையெழுத்து போட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது டாக்டர்.”

போடவில்லை. டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கேட்டேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

மார்ச் 8
உடலைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆனால் இவன் வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் — அந்த வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்களே?

மார்ச் 19
சோதனை முடிவு வரவில்லை. அந்த அம்மா தினமும் வந்து உட்காருகிறார். என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 2
பொருந்தவில்லை. நானேதான் சொன்னேன்.

“பெத்தவளுக்குத் தெரியாதது உங்க மிஷினுக்குத் தெரியுமா?”

குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே பேசினார். “தேடித் தேடிக் காலு ஓஞ்சு போச்சு டாக்டரம்மா. இவனாவே இருந்துட்டா தேவலன்னு நெனச்சுட்டேன்.” எழுந்தவர் நின்றார். “அப்ப இவனப் பெத்தவ எங்க தேடிக்கிட்டிருக்காளோ.”

ஏப்ரல் 16
எலும்பு முறிவைக் குறிப்பிட்டு எல்லா ஸ்டேஷன்களுக்கும் எழுதியிருந்தேன். இன்று ஒருவர் வந்தார், தம்பியைத் தேடுகிறவர். தம்பி பைக்கிலிருந்து விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரேயைக் கொண்டுவந்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தேன். அதே கோணல். அவர் ரத்தத்தையும் அனுப்பினேன்.

மே 3
பொருந்தியது. அண்ணன் உடலை எடுத்துச் சென்றார். பதினேழுக்கு எதிரே பெயர் எழுதினேன்.

ஜூன் 11
அந்த அம்மாவிடமிருந்து போன். வேறொரு ஊர் ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து பேசுகிறாராம். ஒரு உடலைக் காட்டினார்களாம். உயரம், உடம்புவாகு எல்லாம் மகன் மாதிரியே இருக்கிறதாம்.

“கையெழுத்து போடச் சொல்றாங்க. நான் போடல டாக்டரம்மா. என் ரத்தத்தோட ரிப்போர்ட் உங்ககிட்ட இருக்குல்ல? அத அனுப்புங்க. மொதல்ல ஒத்துப் பாக்கட்டும்.”

அனுப்பிவிட்டேன்.