சொந்தக் காரணம்

ஜூலை 7, திங்கள்

எமர்ஜென்சியை எடுத்த வருடம் அது. அதே வருடம் கார்த்திகையில் ஆந்திராக் கடலோரம் திவிசீமைப் பக்கம் புயல் அடித்து ஊர் ஊராகப் பிணம் ஒதுங்கியது. திருப்பதியில் எங்கள் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கட்டுரை என்று தனியாக ஒரு பேப்பர் வைத்ததும் அந்த வருடம்தான். நான் அட்டெண்டராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். இன்றைக்கு ஜெயசீலி மேடத்திடம் இதைச் சொன்னேன். இங்கிலீஷ் நடத்துகிறவர். சித்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறார்.

பென்ஷன் பேப்பர் விஷயமாக ஆபீசுக்குப் போனவனை அவர்தான் பிடித்துக்கொண்டார். பழைய கதை கேட்டார். கிளம்பும்போது போனில் ஏதோ போட்டுக் கொடுத்தார். பேசினால் எழுதிக்கொள்ளுமாம், தேதியும் அதுவே போடுமாம். அவருடைய பிள்ளைகளுக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாராம். முதலில் தமிழிலோ தெலுங்கிலோ வாயால் சொல்ல வேண்டும். அப்புறம் இங்கிலீஷில் எழுத வேண்டும். மூன்று தடவை திருத்தி எழுதலாம், கடைசியாக எழுதினதற்குத்தான் மார்க்.

எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பேசுகிறேன்.

ஜூலை 9, புதன்

முட்டி வலி. வெளியே போகவில்லை. மேடமே போன் செய்தார்.

விஷயம் இதுதான். இப்போது இருக்கிற பேப்பரில் கைடு புத்தகத்துக் கட்டுரையை மனப்பாடம் செய்து மூன்று மணி நேரத்தில் கக்க வேண்டும். தமிழ் மீடியம், தெலுங்கு மீடியம் பிள்ளைகள் அதில் விழுந்து படிப்பையே விட்டுப் போகிறார்கள். போன வருடம் ஒரு செக்‌ஷனுக்கு மட்டும் மேடம், வாயால் சொல்லி அப்புறம் எழுதுகிற அந்தப் புது மாதிரியில் நடத்திப் பார்த்தார். நாற்பத்தாறு பேர். ஒருவர்கூட விட்டுப் போகவில்லை. எல்லா செக்‌ஷனுக்கும் அதையே வையுங்கள் என்று கேட்டிருக்கிறார். முப்பதாம் தேதி போர்டு மீட்டிங்.

பிரின்சிபால் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தெட்டு வருடத்து டி.சி. ஃபைல் இருக்கிறது, கட்டுரைப் பேப்பரால் ஒரு பிள்ளை போனதாக ஒரு வரி இல்லை, அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும் என்கிறாராம்.

"ஃபைல்ல இன்னாதான் எழுதிக்கீது மேடம்?" என்று கேட்டேன்.

"பசங்களுக்கெல்லாம் சொந்தக் காரணம். பொண்ணுங்களுக்குத் திருமணம். வருஷா வருஷம் அதே தான் தாத்தா. ஜெராக்ஸ் எடுத்த மாதிரி."

சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன். காபி ஆறிப்போயிருந்தது.

ஜூலை 10, வியாழன்

அதை ஆரம்பித்து வைத்தவன் நான்.

ஜூலை 12, சனி

அந்தக் கட்டுரைப் பேப்பர் வைத்த முதல் தடவை ரிசல்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டினது நான்தான். கோந்து காய்வதற்குள் நான்கு பேர் என்னிடம் வந்து நின்றார்கள். டி.சி. வேண்டுமாம். ஃபாரத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. கட்டுரையில் பெயில் என்று அதில் எழுதினால் வேறு கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லிப் பயந்து போயிருந்தார்கள். நான்தான் சொன்னேன்: "சொந்தக் காரணம்னு எழுதச் சொல்லுப்பா. எவனும் மேல கேக்கமாட்டான்." அதில் ஒரு பெண். அவளிடம், "நீ கல்யாணம்னு போடச் சொல்லும்மா."

கிளார்க் கிளமென்ட் சார் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூளைக்காரன்டா நீ" என்றார். அப்படியே எழுதினார். அடுத்த வருடமும் எழுதினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் எழுதினார்கள். என்னைக் கேட்காமலே.

நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். மேடத்திடம் இதைச் சொல்லவில்லை. அந்த நான்கு பேரை எனக்குத் தெரியும், போய்த் தேடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது விட்டுப்போன பிள்ளைகளை மேடம் கேட்டுப் பார்த்தாராம். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள், காகிதத்தில் இருப்பதையே ஒப்பிக்கிறார்கள், மாற்றிச் சொல்லப் பயம். கிழவர்களுக்கு என்ன பயம்?

ஜூலை 15, செவ்வாய்

சித்தூர். அந்த நான்கு பேரில் ஒருவன் ஜீவரத்தினம். அவன் வீட்டைக் கண்டுபிடிக்க மிஷன் காம்பவுண்டை இரண்டு சுற்று சுற்றினேன். கோயில் பெருக்குகிற அம்மாள்தான் சொன்னாள். அவன் போய்ப் பதினொரு வருடம் ஆகிறதாம். கல்லறை பார்க்கிறீர்களா என்று கேட்டாள். வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

பலமனேர். தக்காளி மண்டியில் சலீமின் மகன் கிடைத்தான். அப்பா கொரோனாவில் போய்விட்டார் என்றான்.

"காலேஜா? எங்கப்பாவா? லாரில கிளீனரா ஏறினவரு பெரியவரே. ஆள் மாறி வந்துட்டீங்க" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தான்.

மாறவில்லை. கேன்டீனில் சலீம் ஒரு கதையை எடுத்தான் என்றால் மணி அடித்தாலும் எவனும் எழுந்திருக்க மாட்டான். பரீட்சையில் அரைப் பக்கம் எழுதினான். பெயிண்ட் வாளியும் மரம் ஏறின மாடும் என்று அவன் சொன்ன கதை முழுவதும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. மகனிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஏலம் ஆரம்பித்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

குடுபல்லி சின்னசாமியும் இல்லை. போனிலேயே தெரிந்துகொண்டேன். ஒரு பஸ் மிச்சம் என்றுதான் முதலில் தோன்றியது. சீ.

ஜூலை 24, வியாழன்

நான்காவது ஆள் இருக்கிறாள். வெதுருகுப்பம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பேரைச் சொல்ல மாட்டேன், இந்தப் போனிடமும் சொல்ல மாட்டேன். கேட்டுக்கொண்டாள்.

என்னைப் பார்த்ததும், "ஏகாம்பரண்ணா! இன்னும் உசுரோடவா கீற நீ?" என்று சிரித்தாள். சோறு துன்னுட்டுதான் போகவேண்டும் என்று தட்டை வைத்தாள். மீட்டிங் விஷயத்தைச் சொன்னதும் குரலை இறக்கிவிட்டாள்.

"மெதுவா பேசுண்ணா. மருமக டிகிரி படிச்சவ, மாட்டுக்கிட்ட கீறா. நான் பள்ளிக்கூடத்தோட நின்னவன்னுதான் அவளுக்குத் தெரியும். பெயிலாயி வந்தவன்னு தெரிஞ்சா இன்னா நெனைப்பா?"

கட்டுரையில் என்ன கேட்டார்கள், நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ரயில் பிரயாணம். நான் ரயிலே ஏறினதில்ல. கைடுல மனப்பாடம் பண்ணது மூணு வரியோட மறந்துபோச்சு. சத்தியவேட்டுலேந்து பஸ்ல நின்னுக்கினே வந்தேனே, அத கேட்டிருந்தா தப்பும் தவறுமா நாலு பக்கம் எழுதியிருப்பேன்."

அப்புறம் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "எனக்குக் கல்யாணம் பண்ணிவெச்சதே நீதாண்ணா, தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை.

"டி.சி.ய எங்க நைனா போஸ்ட் மாஸ்டர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னாரு. திருமணம்னு சீல் வெச்சிக்கீது. காலேஜ்லயே எழுதிக் குடுத்துட்டாங்க, நாம சும்மா இருக்கலாமான்னாரு. வேற காலேஜ்ல சேரத்தான் வாங்கினேன்னு அழுதேன். தை மாசம் தாலி. கட்டினவரு நல்லவருதான், குத்தம் சொல்லல. ஆனா அதுக்கா நான் உங்கிட்ட வந்தேன்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். துன்னுண்ணா, துன்னுண்ணா என்கிறாள்.

ஜூலை 26, சனி

ஜுரம் மாதிரி இருக்கிறது. ஜுரம் இல்லை.

ஜூலை 30, புதன்

மீட்டிங்கில் எனக்கும் நாற்காலி போட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் நான் தண்ணீர் வைத்த மேஜை. மூன்று பேர் பேரையும் ஊரையும் சொன்னேன், இறந்துவிட்டார்கள் என்றேன். நான்காவது ஆள் உண்டு, பேர் சொல்ல முடியாது என்றேன்.

மேஜைக் கடைசியில் இருந்த ப்ரொஃபசர் தெலுங்கில், "செத்தவர்கள் மூன்று, பேர் இல்லாதவர் ஒன்று. நல்ல சாட்சி பெரியவரே" என்றார். சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

பிரின்சிபால் மரியாதையாகத்தான் கேட்டார். காரணத்தை அப்படி மாற்றி எழுதச் சொன்னது யார்?

"கிளமென்ட் சாருங்க" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. வந்துவிட்டதா, நானே சொன்னேனா?

ஏழாம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். உயிரோடு இருக்கிற ஒரு ஆள், ஒரு பேர், ஒரு ஊர் வேண்டுமாம். இல்லையென்றால் பழைய பேப்பரே, மேடம் இனி இதைக் கொண்டுவரக் கூடாது.

ஜூலை 31, வியாழன்

கிளமென்ட் சார் போய் இருபத்திரண்டு வருடம். என் மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது ஜெபம் பண்ணிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மனுஷன். அவர் தலையில் போட்டுவிட்டேன். எதுக்குடா ஏகாம்பரம்? எழுபத்துமூணு வயசுல உன்ன யாரு இன்னா பண்ணிடப் போறாங்க?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேடம் போன் செய்தார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெதுருகுப்பத்திலிருந்து அவள் போன் செய்தாள். எடுத்ததும், "இப்பவும் பெயிலாவற பொண்ணுங்களுக்குக் கல்யாணம்னுதான் எழுதறாங்களா?" என்று கேட்டாள்.

போன வருடம் மூன்று பெண்களுக்கு அப்படித்தான் எழுதினார்கள், மேடம் சொன்னார் என்றேன்.

மாடு கத்துவது கேட்டது.

"மருமககிட்ட நானே சொல்லிட்டேண்ணா. காலேஜுக்குப் போனேன், பெயிலானேன்னு. ஏன் அத்தை இத்தினி நாளா சொல்லலன்னு கேட்டா. கேட்டுட்டு தவிட்ட எடுத்துக்கினு போயிட்டா. அவ்ளோதான். இதுக்கா நான் நாப்பத்தெட்டு வருசம் வாய மூடிக்கினு கெடந்தேன்?"

அவளே மேலே சொன்னாள்.

"பேரைச் சொல்லிடு. போன் நம்பரும் குடு. ஆனா நீ சொன்னதையும் சேத்துச் சொல்லணும். என்னோடது மட்டும்னா வேணாம்."

சரி என்றேன். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மீட்டிங்குக்கு முன்னால் வராந்தாவில் மேடத்திடம் எல்லாம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா தாத்தா? ஒரு மாசமா நான் அந்த ஃபைலோட சண்ட போட்டுக்கினு கீறேன்."

படித்தவர் வாயில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. அவ்வளவு கோபம். அப்புறம் கதவைத் திறந்து, "வாங்க" என்றார்.

உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. கிளமென்ட் சார் இல்லை, நான்தான், என்றேன். கோந்து காய்வதற்குள் அவர்கள் வந்து நின்றதிலிருந்து சொன்னேன். சத்தியவேட்டுப் பெண்ணின் அப்பா அந்தக் காகிதத்தை என்ன செய்தார் என்பதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் இருந்த ப்ரொஃபசர் மட்டும், போன வாரம் ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்கிறாய், எதை நம்புவது என்றார்.

"என்ன நம்ப வேணாம் சார். அந்தம்மா நம்பர் கீது. அவங்களையே கேளுங்க."

பிரின்சிபால் அந்த ஃபைலை முன்னால் இழுத்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எத்தனை தாள் என்று தெரியவில்லை. மூடிவிட்டு கிளார்க்கைக் கூப்பிட்டார். தீர்மானத்தில் எழுதிக்கொள் என்றார். முதல் வருடம் எல்லா செக்‌ஷனுக்கும் புது மாதிரி. ஒரு வருடம் பார்க்கலாம். டி.சி.யில் காரணத்தை இனி பிள்ளைகள் தங்கள் கையால் எழுத வேண்டும், ஆபீசில் யாரும் எழுதக் கூடாது.

கிளார்க் எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பினான். அந்த முதல் ரிசல்ட்டோடு போனவர்கள் பேர் வேண்டும் என்றான்.

ஜீவரத்தினம், சித்தூர், இல்லை. சலீம், பலமனேர், இல்லை. சின்னசாமி, குடுபல்லி, இல்லை.

"இருக்கிறவங்க?"

வள்ளியம்மாள், வெதுருகுப்பம்.