பாலத்துக்காகப் போட்ட சண்டை

இன்று காலை மரக்காணம் உப்பளத்தில், கால்வாய்மேல் புதிதாகக் கட்டிய இரும்பு நடைபாலத்தில் நின்றேன். தலையில் உப்புக்கூடையோடு பெண்கள் வரிசையாக வந்தார்கள். சுமையோடு நடக்கையில் எல்லார் காலும் ஒரே தாளத்தில்தான் விழும். என் முழங்கால்வரை அதிர்ந்தது. உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும்.

"இன்னாங்க இது, தூளி மாதிரி ஆடுது? கூடையோட வுழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று ஒரு அம்மா கேட்டார். பதில் சொல்லவேண்டியவன் நான்தானாம். பாலத்தை வரைந்து, கட்டி, பெயிண்ட் அடித்து, ரிப்பனும் வெட்டிய பிறகு, ஆட்டத்தை நிறுத்த என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. "டேய், டிசைன் முடிச்சிட்டேன். ஆட்டத்த மட்டும் நீ பாத்துக்கோ" என்று அன்றைக்கு அனுமந்தை ஊரில் நாம் கட்டவிருந்த பாலத்தின் வரைபடத்தை என் மேசையில் போட்டவன்தானே! ஆட்டம் என்ன, கடைசியில் தூவும் கொத்தமல்லியா? நீ உத்திரத்தை ஒல்லியாக்கினால் ஆட்டம் கூடும். அதை அடக்க, அடியில் ஸ்பிரிங்கில் ஓர் எடையைத் தொங்கவிட்டால் அந்தப் பாரத்தையும் உன் உத்திரம்தான் தாங்கவேண்டும். உத்திரத்தைத் தடியாக்கினாலோ பாலம் ஆடும் வேகமே மாறிவிடும். பழைய வேகத்துக்கென்று அளந்து மாட்டிய என் எடை தண்டம். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

கடைசியில் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். நீ ஒன்றை மாற்ற, நான் ஒன்றை மாற்ற, ஒரே கத்தல். "உன் வெயிட்ட கொறைடா, என் பாலம் தொங்கிடப்போவுது" என்றாய். டீ ஆறி ஆடை கட்டியது. ஆனால் பாலம் ஒல்லியாகவும் வந்தது, ஆடாமலும் நின்றது. இன்றும் நிற்கிறது.

இந்த உப்பளப் பாலத்தின் இன்ஜினியர் தங்கமான மனுஷர். எடை மட்டும் மாட்டினால் போதாது, உத்திரத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்றேன். "சரிங்க சார்." உத்திரத்தைத் தொடாமல் பாதி எடை போட்டால் போதுமா என்று வேண்டுமென்றே தப்பாகக் கேட்டுப் பார்த்தேன். "நீங்க சொன்னா சரிதாங்க சார்." எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நீயாக இருந்தால் கால்குலேட்டரைத் தூக்கி அடித்திருப்பாய்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொசுக்கென்று போய்விட்டாய். உன்மேல் ஆத்திரம் இன்னும் தீரவில்லை. இப்போது கணக்குப் போடும்போது உன் பங்குக்கும் நானே கத்துகிறேன். எடையைக் கூட்டினால் உனக்காக என்னையே திட்டிக்கொள்கிறேன். உன் அளவுக்கு அசிங்கமாகத் திட்ட வரவில்லை.

நாளைக்கும் அந்தப் பெண்கள் இதன்மேல்தான் நடப்பார்கள். தப்பு என்று சொல்ல ஒருத்தனும் இல்லாமல் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போட பயமாக இருக்கிறதுடா.